இரண்டு பெரும்பொழுதுகள்

இளங்கலை முதலாண்டு வகுப்பில் முதற்பொருள் நடத்திக்கொண்டிருந்தேன். நிலமும் பொழுதும் சேர்ந்தது முதற்பொருள். பொழுது சிறுபொழுது, பெரும்பொழுது என இருவகைப்படும். பெரும்பொழுது கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு. கரும்பலகையில் எழுதி முடித்துத் திரும்பியபோது கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்து நின்றான். “ஐயா, இந்தக் காலத்தில் யார் பெரும்பொழுது பார்த்து வேலை செய்கிறார்கள்?” என்று கேட்டான். உழவர், மீனவர், உப்பளத்தார் என்று சொல்லிப் பார்த்தேன். “அவர்கள் எப்போதும் பார்ப்பவர்கள்தானே ஐயா, புதிதாக யாராவது?” என்றான். வகுப்பு சிரித்தது. மணி அடித்துவிட்டது. விடை சொல்லாமலே வெளியே வந்தேன்.

விடை பின்னர் நான் சற்றும் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. உலகின் விமான நிறுவனங்கள் ஆண்டைக் கோடை, குளிர் என இரண்டு பருவங்களாகப் பகுத்துத்தான் தம் வழித்தடங்களையும் நேரங்களையும் வகுத்துக்கொள்கின்றன. மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கோடை பிறக்கிறது. அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று குளிர் பிறக்கிறது. இந்தியாவில் நாம் கடிகாரத்தை முன்னும் பின்னும் நகர்த்துவதில்லை. ஆயினும் சென்னை விமானநிலையத்தின் அட்டவணையும் இவ்விரு நாள்களில்தான் மாறுகிறது. ஐப்பசி மழை தொடங்கியிருக்கும் வேளையில் நமக்கும் அந்த அட்டவணைப்படி குளிர்காலம் வந்துவிடுகிறது.

ஆறு பெரும்பொழுதை வகுத்தவர்களுக்கு மழையும் பனியும் வெயிலும் ஆதாரமாக இருந்தன. இந்த இரண்டு பெரும்பொழுதை வகுத்தவர் யார்? இவற்றுக்கும் வானிலைக்கும் என்ன உறவு? இக்கேள்விகளோடு தேடிப்போனால் ஐரோப்பாவில் ஒரு விமானநிலையம் கதையை முழுமையாகச் சொல்கிறது. அது அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஷானன்.

*

தொடக்கத்தில் பருவம் மெய்யாகவே பருவமாக இருந்தது. 1920 மே மாதம் லண்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் இடையே விமானம் விடத் தொடங்கிய கே.எல்.எம். நிறுவனம் அவ்வாண்டுக் குளிர்காலத்தில் சேவையை நிறுத்திவிட்டு 1921 ஏப்ரலில்தான் மீண்டும் தொடங்கியது. மூடுபனியிலும் குறுகிய பகலிலும் மரச்சட்டமும் துணியுமான விமானத்தை ஓட்ட முடியாது. கடற்கரையோரத்து நாட்டுப்படகுகள் காற்றுக்காலத்தில் கரையேற்றப்படுவது போன்ற ஏற்பாடுதான் அது.

அட்லாண்டிக்கைக் கடக்கும் முயற்சியில் இதே நிலை பெரிய அளவில் வந்தது. ஷானன் ஆறு கடலில் கலக்கும் கழிமுகம் அகலமும் நீளமும் உடையது. அதன் தென்கரையில், லிமரிக் மாவட்டத்தில், ஃபாய்ன்ஸ் என்றொரு சிறு துறைமுக ஊர் இருக்கிறது. ஐரோப்பாவின் மேற்கு விளிம்பில் இருப்பதால் அமெரிக்காவை நோக்கிக் கிளம்பும் விமானத்துக்கு அங்கிருந்து கடல்தொலைவு குறைவு. அந்நாளில் நெடுந்தொலைவு சென்றவை நீரில் இறங்கி நீரிலிருந்து எழும் பறக்கும் படகுகள். அவற்றுக்கு ஓடுபாதை வேண்டாம், அலையடங்கிய நீர்ப்பரப்பு போதும். ஃபாய்ன்ஸில் அது இருந்தது.

1937 ஜூலை 5ஆம் நாள் இருபுறத்திலிருந்தும் சோதனைப் பறத்தல் தொடங்கியது. பான் அமெரிக்கன் நிறுவனத்தின் விமானம் நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் பாட்வுட்டிலிருந்து ஃபாய்ன்ஸுக்கு வந்தது. பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனத்தின் ‘கலிடோனியா’ ஃபாய்ன்ஸிலிருந்து பாட்வுட்டுக்குச் சென்றது. இடைப்பட்ட தொலைவு ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். 1939 ஜூலையில் பயணிகள் சேவை இவ்வழியே தொடங்கியது. நியூயார்க், ஷெடியாக், பாட்வுட், ஃபாய்ன்ஸ், சவுத்தாம்ப்டன் என்று போயிங் 314 வகைப் பறக்கும் படகு வந்தது. ஒருவழிக் கட்டணம் 375 டாலர். அன்றைய அமெரிக்கத் தொழிலாளிக்கு அது பல மாதச் சம்பளம்.

ஆனால் இவ்வடபாதை கோடைக்கு மட்டுமே உரியது. குளிர்காலத்தில் பாட்வுட் துறைமுகம் உறைந்துவிடும். படகின் வயிற்றோடு பனிக்கட்டியின்மேல் இறங்க முடியாது. ஃபாய்ன்ஸ் உறைவதில்லை. வெப்ப நீரோட்டம் அயர்லாந்தின் கரையைக் காப்பாற்றுகிறது. ஆயினும் ஒரு கரை மட்டும் திறந்திருந்து பயனில்லை. அத்துடன் வட அட்லாண்டிக்கில் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுவது; குளிர்காலத்தில் அதன் வேகம் மிகும். மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானத்துக்கு எதிர்காற்று 80 கிலோமீட்டர் என்றால் அது கணக்கையே மாற்றிவிடும். பாதிக் கடல் தாண்டியபின் எரிபொருள் போதாது என்று தெரிந்தால் திரும்ப வேண்டும். எதுவரை சென்று திரும்பலாம் என்ற அந்தப் புள்ளியை ஒவ்வொரு பயணத்திலும் விமானத்துக்குள்ளேயே கணக்கிட்டபடி போனார்கள்.

ஆகவே போர்க்காலத்தில் பறக்கும் படகுகளுக்குக் கோடைவழி வேறு, குளிர்வழி வேறு என்று ஆயிற்று. குளிர்காலத்தில் ஃபாய்ன்ஸிலிருந்து தெற்கே லிஸ்பன், அங்கிருந்து ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை, அங்கிருந்து அட்லாண்டிக்கின் குறுகிய இடுப்பைத் தாண்டிப் பிரேசில், பிறகு கரீபியன் தீவுகள், பெர்முடா, நியூயார்க். வரைபடத்தில் இது பைத்தியக்காரச் சுற்று. ஆனால் வெப்பமண்டலத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசுகிறது. 1492இல் கொலம்பஸ் முதலில் தெற்கே கானரித் தீவுகளுக்கு இறங்கிப் பிறகு மேற்கே திரும்பியதும் இக்காற்றைப் பிடிக்கத்தான். பருவக்காற்றுக்குக் காத்திருந்து கலம் செலுத்திய நம் பழைய மாலுமிகளுக்கு இந்த வழியின் நியாயத்தை விளக்கவே வேண்டியிராது.

இன்னொரு வழியும் இருந்தது. அசோரஸ் தீவுகளில் ஹோர்ட்டா என்னும் துறை. அங்கே குளிர்காலத்தில் கடல் எழும்பும். மூன்றடிக்கு மேல் அலை உயர்ந்தால் பறக்கும் படகு எழ முடியாது. பயணிகள் நாள்கணக்கில் அத்தீவில் காத்துக் கிடந்தார்கள். அட்டவணையில் அச்சிட்ட நேரம் ஒன்று, அலை கொடுத்த நேரம் ஒன்று.

ஃபாய்ன்ஸில் இப்படிக் காத்திருந்தவர்களுக்காகப் பிறந்ததுதான் ‘ஐரிஷ் காபி’ என்று சொல்வார்கள். 1943ஆம் ஆண்டையொட்டிய ஒரு குளிர்கால இரவில் கிளம்பிய விமானம் பல மணி நேரம் பறந்தபின் புயலைத் தாண்டமாட்டாமல் திரும்பியது. நடுங்கியபடி இறங்கியவர்களுக்குச் சமையற்காரர் ஜோ ஷெரிடன் காபியில் விஸ்கி ஊற்றி மேலே பாலேடு மிதக்கவிட்டுக் கொடுத்தார் என்பது கதை. ஆண்டைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. பருவத்தைப் பற்றி இல்லை. அயர்லாந்தின் வானிலைத் துறையே 1936இல் தொடங்கப்பட்டதற்கு அட்லாண்டிக் விமானப் பயணம் முதன்மையான காரணம். வானத்தைப் படிக்காமல் அட்டவணை எழுத முடியாத காலம் அது.

*

1945இல் போர் முடிந்தது. போர் கட்டிய நீண்ட ஓடுபாதைகளும் நான்கு இயந்திர நிலவிமானங்களும் பறக்கும் படகுகளின் காலத்தை முடித்தன. கழிமுகத்தின் வடகரையில், கிளேர் மாவட்டத்து ரினியானாவில், ஏற்கெனவே ஓடுபாதை போடப்பட்டிருந்தது. அதுவே ஷானன் விமானநிலையம். 1945 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய டி.சி.4 விமானம் கேண்டர் வழியாக ஷானனில் இறங்கி இங்கிலாந்து சென்றது. அதே இலையுதிர்காலத்தில் ஃபாய்ன்ஸ் மூடப்பட்டது. ஆற்றின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு வரலாறு சில ஆண்டுகளில் கடந்துவிட்டது.

நிலவிமானத்துக்கு உறைந்த துறைமுகம் ஒரு தடையில்லை. ஓடுபாதையில் பனியை வழித்துத் தள்ளிவிடலாம். வடபாதை ஆண்டு முழுவதும் திறந்தது. ஆனால் காற்று திறக்கவில்லை. மேற்கே செல்லும் விமானங்கள் எரிபொருளுக்காக ஷானனிலும் கேண்டரிலும் இறங்கியே தீர வேண்டியிருந்தது. அந்த இறங்குதலில் ஷானன் வாழ்ந்தது. காத்திருக்கும் பயணிகளை நம்பி பிரெண்டன் ஓ’ரீகன் 1947இல் அங்கே வரியில்லாக் கடையைத் தொடங்கினார். உலகின் முதல் விமானநிலைய வரியில்லாக் கடை அதுதான். இன்று எல்லா விமானநிலையங்களிலும் நாம் காணும் வாசனைத் தைலக் கடைகளுக்கு மூதாதை அட்லாண்டிக்கின் எதிர்காற்று என்று சொன்னால் மிகையில்லை.

1958 அக்டோபரில் ஜெட் வந்தது. அம்மாதம் 4ஆம் நாள் பிரிட்டனின் காமெட் 4 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு நிற்காமல் பறந்தது. எதிர்த்திசையில் அதே நாள் சென்றது கேண்டரில் எரிபொருளுக்காக இறங்கியது. ஒரே விமானம், ஒரே கடல். போகும்போது காற்று எதிரி, வரும்போது துணை. ஆனால் சில ஆண்டுகளுக்குள் இன்னும் வலிய ஜெட்டுகள் இருதிசையிலும் நிற்காமல் கடக்கத் தொடங்கின. ஷானன் தலைக்குமேல் விமானங்கள் போய்க்கொண்டிருந்தன. கீழே இறங்குபவர் குறைந்தனர். ஊர் அழிந்துவிடாமலிருக்க 1959இல் விமானநிலையத்தை ஒட்டி வரிச்சலுகைத் தொழில் வளாகம் அமைத்தார்கள். அயர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் இடையே பறக்கும் விமானங்கள் ஷானனில் நின்றே செல்ல வேண்டும் என்ற அரசின் நிபந்தனையும் பல்லாண்டுகள் நீடித்தது. காற்றின் கட்டாயத்தால் நின்ற விமானங்கள் இனிச் சட்டத்தின் கட்டாயத்தால் நின்றன.

*

இங்கேதான் பருவத்தின் பொருளும் மாறத் தொடங்கியது. விமானங்கள் பெருகியதும் யார் எந்நேரம் இறங்குவது என்பதை முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டியதாயிற்று. 1945இல் ஹவானாவில் தொடங்கப்பட்ட பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் ஆண்டுக்கு இருமுறை மாநாடு கூட்டுகிறது. வரும் குளிர்காலத்துக்குக் கோடையிலும், வரும் கோடைக்குக் குளிரின் தொடக்கத்திலும் நிறுவனங்களும் விமானநிலையங்களும் உட்கார்ந்து நேரங்களைப் பரிமாறிக்கொள்கின்றன.

பருவம் மாறும் நாளைத் தீர்மானித்தது கடிகாரம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் வழக்கத்தை 1916இல் போர்க்கால ஜெர்மனி தொடங்கிவைத்தது. பிற நாடுகள் பின்பற்றின. அவ்வாண்டுவரை அயர்லாந்துக்கு லண்டனைவிட 25 நிமிடம் 21 நொடி பிந்திய தனி நேரமே இருந்தது. 1916 அக்டோபரில் அது ஒழிக்கப்பட்டது. கடிகாரம் மாறும் நாளும் நாட்டுக்கு நாடு வேறுபட்டது. 1995வரை ஐரோப்பியக் கண்டத்து நாடுகள் செப்டம்பர் இறுதியிலேயே கடிகாரத்தைப் பின்னே தள்ளிவிடும். பிரிட்டனும் அயர்லாந்தும் அக்டோபர்வரை பொறுத்திருக்கும். ஆண்டில் அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் பாரிசிலும் டப்ளினிலும் ஒரே மணி. அட்டவணை எழுதுபவர்களுக்கு அவை கொடிய வாரங்களாக இருந்திருக்கும். 1996 முதல் எல்லோருக்கும் அக்டோபர் கடைசி ஞாயிறு என்றாயிற்று. விமானத்தின் பருவமும் அதோடு ஒட்டிக்கொண்டது.

அயர்லாந்துச் சட்டத்தில் ஒரு விந்தை உண்டு. பிற நாடுகளில் குளிர்கால நேரமே இயல்பு, கோடைநேரம் அதன் விலக்கு. அயர்லாந்தில் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி கோடைநேரமே நாட்டின் இயல்பான நேரம். 1971ஆம் ஆண்டுத் திருத்தம் குளிர்காலத்தை விலக்காக்கியது. வெயிலுக்கு ஏங்கும் ஒரு தீவு தன் ஏக்கத்தைச் சட்டமாகவே எழுதிவைத்திருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு.

இப்போது பருவத்துக்குள் சொத்து நுழைகிறது. நெரிசலான விமானநிலையத்தில் குறித்த நாளில் குறித்த நேரத்தில் இறங்கவோ எழவோ தரப்படும் அனுமதிக்கு ‘ஸ்லாட்’ என்று பெயர். 1993ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதிப்படி ஒரு பருவத்தில் அந்த அனுமதியில் 80 விழுக்காட்டைப் பயன்படுத்திய நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டு அதே பருவத்தில் அது தானாகவே கிடைக்கும். இதற்கு ஆங்கிலத்தில் அவர்கள் வைத்திருக்கும் பேச்சுவழக்குப் பெயரே ‘பாட்டனார் உரிமை’. பாட்டன் பூட்டன் சொத்து என்று நாம் நிலத்தைச் சொல்வதுபோல் அவர்கள் பொழுதைச் சொல்கிறார்கள். அதை விற்கவும் செய்கிறார்கள். 2016இல் லண்டன் ஹீத்ரோவில் ஒரு சோடி அனுமதி ஏழரைக் கோடி டாலருக்குக் கைமாறியதாகச் செய்திகள் வந்தன. விற்கப்பட்டது மண் அல்ல, கட்டடம் அல்ல. நாள்தோறும் வந்து போகும் ஒரு சிறுபொழுது.

*

இதன் வலியை ஷானன் 2007இல் உணர்ந்தது. ஏர் லிங்கஸ் அயர்லாந்து அரசின் விமான நிறுவனமாக இருந்தது. 2006இல் அதன் பெரும்பான்மைப் பங்குகள் தனியாருக்கு விற்கப்பட்டன. மறு ஆண்டு ஆகஸ்டில், ஷானனுக்கும் ஹீத்ரோவுக்கும் இடையே பறப்பதை நிறுத்தி அந்த ஹீத்ரோ நேரங்களைப் பெல்ஃபாஸ்டுக்கு மாற்றப்போவதாக நிறுவனம் அறிவித்தது. மேற்கு அயர்லாந்து கொதித்தது. ஹீத்ரோவைத் தொட்டால்தான் அங்கிருந்து உலகின் பிற ஊர்களுக்குச் செல்ல முடியும் என்பதால் வணிகர்களும் தொழிற்சாலையினரும் திரண்டு எதிர்த்தார்கள். பயனில்லை. 2008 சனவரியில் அந்தச் சேவை நின்றது.

அவ்வாண்டே அடுத்த அடி விழுந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் செய்துகொண்ட திறந்த வான் உடன்பாடு 2008 மார்ச் 30ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஷானனில் நின்றே ஆக வேண்டும் என்ற பழைய கட்டாயத்தின் கடைசிச் சுவடும் மறைந்தது. அந்த நாளைப் பஞ்சாங்கத்தில் பார்த்தேன். மார்ச் மாதக் கடைசி ஞாயிறு. உடன்படிக்கைகூட விமானத்தின் பெரும்பொழுது பார்த்துத்தான் பிறந்திருக்கிறது.

2007இல் ஏறக்குறைய 36 லட்சம் பயணிகளைக் கண்ட ஷானன் 2012இல் ஏறக்குறைய 14 லட்சம் பேரையே கண்டது. உலகப் பொருளாதாரச் சரிவும் இதற்குக் காரணம். அட்டவணை மட்டுமே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளில் அக்கழிமுகம் ஓர் அங்குலமும் நகரவில்லை. ஃபாய்ன்ஸைத் தேர்ந்தெடுக்கக் காரணமான நிலம் அப்படியே இருக்கிறது. மாறியதெல்லாம் பொழுதின் உடைமை. முதலில் அது பனியினுடையதாகவும் காற்றினுடையதாகவும் இருந்தது. பிறகு அரசினுடையதாயிற்று, பிறகு நிறுவனத்தினுடையதாயிற்று. பனியோடு மனிதர் வழக்காட முடியாது, ஆனால் அது உருகும் என்ற உறுதி இருந்தது. கணக்கேட்டில் விழுந்த குளிர்காலம் எப்போது உருகும் என்று எவரும் சொல்ல முடியாது. ஷானனுக்கு அது 2009இல் ஓரளவு உருகியது. ஹீத்ரோ விமானம் திரும்பி வந்தது. 2012 முடியும்போது டப்ளினின் நிர்வாகத்திலிருந்து பிரிந்து தனித்து நிற்கும் உரிமையையும் அந்நிலையம் பெற்றது.

பெருந்தொற்றுக் காலத்தில் இந்த உடைமையின் உண்மை உருவம் வெளிப்பட்டது. 2020இல் பயணிகள் இல்லாதபோதும் 80 விழுக்காட்டு விதிக்கு அஞ்சி நிறுவனங்கள் ஆளில்லா விமானங்களைப் பறக்கவிட வேண்டிய நிலை வந்தது. அவ்வாண்டு மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் விதியைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. குடியிருப்பவர் இல்லாவிட்டாலும் வீடு கைவிட்டுப் போகாதிருக்க விளக்கேற்றி வைப்பதுபோல் வானத்தில் வெறும் விமானங்கள்.

*

அப்படியானால் மெய்யான பருவம் தோற்றுவிட்டதா? இல்லை. கிழக்கு அட்லாண்டிக்கின் வான்போக்குவரத்தைக் கவனிக்கும் பகுதிக்கு ‘ஷான்விக்’ என்று பெயர். ஷானனும் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கும் சேர்ந்த சொல். உயரத்தில் வீசும் பெருங்காற்றைப் பார்த்து, கடலின்மேல் செல்லும் பாதைகள் அன்றன்று வகுக்கப்படும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருந்துவருகிறது. பகலில் மேற்கே போவோருக்கு ஒரு தொகுதி, இரவில் கிழக்கே வருவோருக்கு ஒரு தொகுதி. மேற்கே போவோர் காற்றை விலக்கிச் செல்வர். கிழக்கே வருவோர் காற்றில் ஏறி வருவர். குளிர்கால அட்டவணையில் மேற்கு நோக்கிய பயணத்துக்கு இன்றும் கூடுதல் நிமிடங்கள் ஒதுக்குகிறார்கள். 2009 முதல் 2020 வரை லண்டன் நகர விமானநிலையத்தின் குட்டை ஓடுபாதையிலிருந்து நியூயார்க் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸின் சிறு விமானம் போகும்போது மட்டும் ஷானனில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டது, வரும்போது நிற்கவில்லை. 1958இன் காமெட் விமானத்தின் கணக்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னும் செல்லுபடியானது.

போயிங் 314 விமானங்கள் மொத்தம் பன்னிரண்டு கட்டப்பட்டன. ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஃபாய்ன்ஸ் அருங்காட்சியகத்தில் முழு அளவில் ஒரு மாதிரியைச் செய்து வைத்திருக்கிறார்கள். நான் அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

வகுப்பில் கேட்ட மாணவனுக்கு இப்போது என்னிடம் விடை இருக்கிறது. பெரும்பொழுது பார்ப்பவர்கள் புதிதாகவும் இருக்கிறார்கள், தம்பி. அவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை கூடி அதைப் பங்கு போடுகிறார்கள். உன் உழவனும் மீனவனும் வானத்தைப் பார்த்துப் பருவத்தை அறிந்தார்கள். ஷானனில் வேலை செய்பவர்கள் அட்டவணையைப் பார்த்து அறிகிறார்கள். எழுதிய கையை அவர்கள் பார்ப்பதில்லை. வரும் அக்டோபர் கடைசி ஞாயிறன்று, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், நம் ஊருக்கும் குளிர்காலம் வந்துவிடும்.